அஞ்சு கிராமும் ஒரு சிட்டிகையும்

ஒரு சிட்டிகைப் பஞ்சால் இந்தியாவுக்கும் இன்னொரு நாட்டுக்கும் உள்ள உறவு முறிந்துபோகும் என்று நான் பதினோரு நாள் நம்பினேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. சோறு இறங்காமல், வேட்டி இடுப்பில் நிற்காமல் நம்பினேன். ரேடியோவில் செய்தி வாசிக்கும் அம்மா தொண்டையைச் செருமினாலே அடுத்த வாக்கியத்தில் என் பெயர் வரப்போகிறது என்று திண்டாடுவேன். அவர் எங்கோ வெள்ளம், எங்கோ மாநாடு என்று சொல்லி முடித்துவிடுவார். இன்றைக்குத் தப்பித்தோம் என்று நான் போய் முகம் கழுவிக்கொள்வேன்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாலும், அவர்கள் எதையும் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஆட்கள். குளிர் நாடு என்ற அளவில் போதும்.

எண்பதுகளின் பின்பாதி. ராஜபாளையத்தில் சில மில்காரர்கள் கூடி, அரசாங்க மானியத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, ஒரு பஞ்சுப் பரிசோதனைக் கூடம் நடத்தினார்கள். அதில் நான் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் பிடித்து வந்து, பஞ்சைப் பிய்த்து, கருவியில் அடைத்து, எண்ணைக் குறித்துவிட்டு, சாயங்காலம் தலைமுடியெல்லாம் பஞ்சோடு திரும்புவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எனக்கு இளநரை என்று பரிதாபப்படுவார்கள். படிப்பு இயற்பியலில் பி.எஸ்ஸி., இரண்டாம் வகுப்பு. அது ஏன் முதல் வகுப்பாக இல்லை என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும்.

ஒருநாள் டெல்லியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அறிவியல் தொழில்நுட்பத்தில் வெளிநாடுகளோடு ஒத்துழைப்பதற்கான தேசிய உத்தி. வழவழப்பான தாளில், அட்டையில் ஒரு உலக உருண்டை. அதை எங்கள் டைரக்டர் வாசித்த மாதிரி இந்தியாவில் வேறு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். மேஜை மேல் வைத்து, மூலை மடங்காமல் கண்ணாடிக் கல் ஒன்றை ஏற்றி வைத்திருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; கூடத்தில் தமிழ்; அந்தப் புத்தகம் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு பாஷை பேச ஆரம்பித்தார். 'பரஸ்பரப் பயன்' என்பார். 'சமப் பங்காளித்துவம்' என்பார். டீ கொண்டுவருகிறவனிடம்கூட, "இது நீண்டகால அடிப்படையில் இருக்கணும்ப்பா" என்றார். அவன் மறுநாளிலிருந்து டம்ளரைப் பெரிதாக்கிவிட்டான்.

புத்தகத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. உங்கள் நிறுவனம் வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்கு எதைத் தர முடியும்? டைரக்டர் யோசித்து யோசித்து, 'பஞ்சு' என்று எழுதினார்.

எப்படியோ அது தேறிவிட்டது. மூன்று நாட்டுக் கூடங்கள் சேர்ந்து பஞ்சின் நுண்மையை அளப்பது என்று திட்டம். நாங்கள் ஒன்று, குளிர் நாடு ஒன்று, இன்னொரு நாடு ஒன்று. முதல் சுற்றுக்கு எங்கள் வட்டாரப் பஞ்சு. நாங்கள் அதைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, அரக்கு வைத்து, மற்ற இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பொட்டலமும் சரியாக அஞ்சு கிராம். வாங்குகிறவர்கள் எடை போடாமல் அப்படியே பிரித்துக் கருவியில் அடைக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே மாதிரிப் பொட்டலத்தை அளந்தால்தான் யார் கருவி எப்படி என்று தெரியும் என்பது ஏற்பாடு.

அந்தக் கருவியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு குழாயில் பஞ்சை அடைத்து ஒரு பக்கமிருந்து காற்றை ஊதுவோம். இழை தடியாக இருந்தால் காற்று சுலபமாகப் போய்விடும். இழை மெலிசாக இருந்தால் காற்று திணறும். எவ்வளவு திணறுகிறதோ அவ்வளவு நயமான பஞ்சு. இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் அடைக்கிற பஞ்சின் எடை மட்டும் ஒரு இம்மியும் மாறக் கூடாது.

எடை போடுகிறவர் எங்கள் பாய். மார்க்கெட் பக்கம் பருப்புக் கடை வைத்திருந்தவர். பங்காளிகள் பிரிந்ததில் கடை போய், எங்கள் கூடத்தில் தினக்கூலிக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் இரட்டைத் தட்டுத் தராசு ஒன்று உண்டு. மூச்சு விட்டால் ஆடும். நான் போட்டால் அரை மணி நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். பாய் கையை வைத்தால் அது பயந்து நின்றுவிடும்.

முதல் நாள் பொட்டலம் போடும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். வலது தட்டில் அஞ்சு கிராம் படிக்கல். இடது தட்டில் பஞ்சு. முள் நடுவில் வந்து நின்றது. பாய் அதைப் பார்த்தார். அப்புறம் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி, பஞ்சுத் தட்டில் போட்டார். தட்டு தாழ்ந்தது. பொட்டலத்தை மடித்தார்.

"என்ன பாய், சமமாத்தானே நின்னுச்சு?"

"சமமா நின்னா எடைக்குக் கிட்ட வந்திருக்குன்னு அர்த்தம் தம்பி. தட்டு தாழ்ந்தாத்தான் குடுத்ததா அர்த்தம். முப்பது வருசமா யாவாரம் பண்ண கை. முள்ளப் பாத்து நிறுத்துனா கையே கூசுது."

"அதுவும் சரிதான்."

"மிசினுக்கு ஒன்னும் செய்யாதுல்ல? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. வேண்டாம்னா நிறுத்திப்புடுதேன்."

இந்த இடத்தில்தான் என் இரண்டாம் வகுப்பு பேசியது.

"போடுங்க பாய், தாராளமாப் போடுங்க. வெளிநாட்டுக்குப் போறது. கஞ்சப்பயலுகன்னு நம்மள நெனைச்சிரக் கூடாது. மிசின் வெறும் காத்தத்தானே ஊதுது, அதுக்கு என்ன தெரியும்?"

பாய் திருப்தியாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அஞ்சு கிராம், மேற்கொண்டு ஒரு சிட்டிகை கொசுறு. நூற்றுக்கணக்கான பொட்டலங்கள். ஒரு பங்கு குளிர் நாட்டுக்கு, ஒரு பங்கு மற்ற நாட்டுக்கு, ஒரு பங்கு எங்களுக்கு, மிச்சம் அரக்கு முத்திரையோடு இரும்பு பீரோவில்.

நாங்கள் அளந்தோம். காற்று திணறியது. இந்த வட்டாரத்துப் பஞ்சுக்கு இதுவரை திணறாத அளவுக்குத் திணறியது. எண்ணைப் பார்த்த டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமா நம்மளை நாமே குறைச்சு மதிப்பிட்டிருக்கோம்ப்பா."

நானும் ஆமாம் என்றேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் நான் முதல் வகுப்பு.

சில மாதம் கழித்துக் குளிர் நாட்டு எண் வந்தது. எங்கள் எண்ணோடு அப்படியே ஒத்தது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அதே பொட்டலம், அதே கொசுறு. மூன்றாவது நாட்டு எண்ணும் வந்தது. அது இன்னும் அழகாக, கடைசிப் புள்ளி வரைக்கும் ஒத்தது. மூன்று நாடுகள் ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசியதை டெல்லி அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. தேசிய உத்தியின் அடுத்த பதிப்பில், 'வெற்றிக் கதைகள்' என்ற பகுதியில், எங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினார்கள். 'இந்தியப் பருத்தியின் எதிர்பாராத நுண்மை.' தேவதானம் பக்கம் பஞ்சு போட்டிருந்த விவசாயி ஒருவர் வந்து, "நம்ம பஞ்சு வெளிநாட்ல பேரு வாங்கிருச்சாமே, பொறவு ஏன் கமிசன் கடையில அதே மூஞ்சியோட பாக்கான்?" என்று கேட்டார். சந்தைக்குச் செய்தி போய்ச் சேர நாளாகும் என்று டைரக்டர் சொன்னார்.

அடுத்த சித்திரை. குளிர் நாட்டிலிருந்து ஒரு கடிதம். டைரக்டர் அதை உரக்க வாசித்தார். முடிவுகள் மிகவும் ஆர்வமூட்டுகின்றன. எங்கள் விஞ்ஞானி ஒருவர் நேரில் வருகிறார். டெல்லி அதிகாரி ஒருவரும் கூட வருகிறார். டைரக்டர் இங்கே நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கடைசி வரி: இருப்பில் உள்ள பொட்டலங்களில் சிலவற்றை, வழக்கமான நடைமுறையாக, எடை போட்டுப் பார்க்க விரும்புகிறார்.

எனக்குச் சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் மூன்று வருஷ பி.எஸ்ஸி.யையும் மறுபடி படித்து முதல் வகுப்பில் தேறினேன். எடை கூடினால் காற்று திணறும். காற்று திணறினால் பஞ்சு நயமானதாகத் தெரியும். எதிர்பாராத நுண்மை என்பது பாயின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது.

"என்னப்பா, வேர்க்குது?"

"சித்திரை சார்."

இன்னும் பதினோரு நாள் இருந்தது.

டைரக்டர் இன்னொரு செய்தியும் சொன்னார். விஞ்ஞானி வந்துபோகும் அன்று சாயங்காலமே மில்காரர்களின் கமிட்டி கூடுகிறது. பாயை நிரந்தரம் ஆக்கும் ஃபைல் அதில் வருகிறது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சா அவருக்கு ஆர்டர் போட்டுரலாம்." நல்லபடியாக முடியாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஐம்பது வயது தாண்டியவரை நிரந்தரம் ஆக்குவதில்லை என்று எங்கள் கூடத்துக்கு ஒரு விதி. சர்டிபிகேட்படி பாய்க்கு வருகிற ஜூனில் ஐம்பது முடிகிறது. இந்தக் கமிட்டியை விட்டால் அவருக்கு வேறு கமிட்டி கிடையாது.

நான் தராசு அறைக்கு ஓடினேன். பாய் படிக்கல்லை மான்தோலால் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் படிக்கல்லைப் பெட்டிக்குள் வைத்தார்.

"நீங்கதானே தம்பி சொன்னீக, காத்துக்கு என்ன தெரியும்னு?"

"தெரிஞ்சிருச்சு பாய்."

"பீரோல இருக்கிற பொட்டலத்தப் பிரிச்சு, அந்தச் சிட்டிகைய எடுத்துப்புடுவமா?"

"எடுத்தா எடை சரியாயிரும். ஆனா வர்ற விஞ்ஞானி அதையே மிசின்ல அடைச்சுப் பாத்தா பழைய எண் வராதே."

"அப்ப எடுக்க வேண்டாம்."

"எடுக்காட்டி எடை போட்டவொடனே தெரிஞ்சிரும்."

"எடுத்தாலும் குத்தம், எடுக்காட்டியும் குத்தம். நல்ல மிசினா வாங்கி வச்சிருக்கீக."

அன்று இரவே எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. பஞ்சு ஈரத்தை இழுக்கும்! மழைக் காற்றில் எடை கூடிவிட்டது என்று சொல்லிவிடலாம். காலையில் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஜன்னலைத் திறந்து காட்டினார். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. டைரக்டரின் வெள்ளை நாய், ஊர்ப் பேருக்கே உரிய அந்த ராஜ நாய், நிழல் தேடி ஜீப்புக்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது.

"எங்க தம்பி மழை? அந்த நாயிக்கிட்டச் சொல்லுங்க, சந்தோசப்படும்."

அடுத்தது சட்டம். என் மனைவியின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா. வாழ்க்கையில் எதையும் செக்‌ஷன் நம்பரோடுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒரு நண்பருக்காகக் கேட்பது போலக் கேட்டேன்.

"மச்சான், வேற நாட்டு அரசாங்கத்த எடையில ஏமாத்துனா என்ன செக்‌ஷன்?"

அவர் வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்புட்டு ஏமாத்துன?"

"நான் இல்ல மச்சான். ஒரு பிரெண்டு. ஒரு சிட்டிகை."

"ஒரு சிட்டிகை கொறச்சுக் குடுத்தானா?"

"கூடக் குடுத்துட்டான்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவ்வளவு முக்கியமான சட்டப் பிரச்சினை.

"கூடக் குடுத்ததுக்குச் சட்டத்துல எடமே இல்லயே மாப்ள. கூடக் குடுத்தவனப் புடிச்சு உள்ள போட்டா, பொறவு எவன் குடுப்பான்? ஏன், வாங்குனவன் திருப்பிக் கேக்கானா?"

"ஆராய்ச்சி மச்சான்."

"ஆராய்ச்சின்னா எனக்குத் தெரியாது. அதுக்கு டெல்லியில தனிக் கோர்ட்டு இருக்கும்."

அந்தத் தனிக் கோர்ட்டு என்னை ரெண்டு நாள் படுத்தியது. கனவில் வெள்ளை விக் வைத்த நீதிபதி தராசோடு உட்கார்ந்திருக்க, நான் கூண்டில் நிற்கிறேன். பாய்க்குப் பதில் அங்கே நான்தான் பொட்டலம் கட்டுகிறேன். தட்டு நிற்கவே மாட்டேனென்கிறது.

மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது டைரக்டரிடம் போனேன். அவர் வரவேற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தார். தேசிய உத்தியின் ஐந்து தூண்களையும் பற்றித் தூணுக்கு நான்கு நிமிஷம். நான் சுற்றி வளைத்து, பருவ மழையில் ஆரம்பித்து, தராசின் முள் வழியாக, பொட்டலத்தில் எடை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் முதலில் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"எவ்வளவு கூடுதல்?"

"ஒரு சிட்டிகை சார்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவர் உலக உருண்டைப் புத்தகத்தைப் பார்த்தார். அரைப் பக்கம். பிறகு முகம் தெளிந்தது. ஒரு நிர்வாகியின் முகம் தெளிவதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர்கள் கும்பிடு போட்டு ஓடிவிட வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

"யார் எடை போட்டது? அந்த பாய்தானே? தினக்கூலி. பிரச்சினையே இல்லை. 'பயிற்சியற்ற தற்காலிக ஊழியரின் கவனக்குறைவு.' ஒரு வரி போதும். ஆளை நிறுத்திட்டோம்னு சேர்த்துச் சொல்லிரலாம். கூடத்துக்குக் கெட்ட பேர் இல்லை, உனக்கும் இல்லை."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: போடச் சொன்னது நான். நாலு சொல்கூட இல்லை. என் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது.

இதை எழுதும்போதுகூட நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் பயம், சிரிப்பதற்கு இடமிருந்தது. இது வேறு.

வெளியே வந்தேன். பாய் வராந்தாவில் நின்றிருந்தார். புதுச் சட்டை எடுத்திருப்பதாகச் சொன்னார். கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டால் உள்ளே போக வேண்டியிருக்குமாம்.

"டைரக்டர்ட்டச் சொல்லியாச்சா தம்பி? என்ன சொன்னாவ?"

"பாத்துக்கிடலாம்னு சொன்னாக பாய்."

"அவிய பாத்துக்கிடுவாக. பெரிய படிப்பு." செத்த நேரம் நின்றுவிட்டு, "எதுக்கும் நீங்க என் பக்கத்துல நில்லுங்க. எனக்கு இங்கிலீசு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை. எவ்வளவோ சொல்லவில்லை, அதில் இதுவும் ஒன்று.

அந்த நாள் வந்தது. மதுரையிலிருந்து அம்பாசடர் காரில் வந்து இறங்கினார்கள். டெல்லி அதிகாரி சித்திரை வெயிலில் கோட்டு போட்டிருந்தார். தேசிய உத்தியே வேர்த்து நனைந்து நடந்துவருவது போல இருந்தது. விஞ்ஞானி ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், பஞ்சு நிறத்தில் ஒரு கவுன், தோளில் ஒரு பை. மாலை போட்டதும் அதைக் கழற்றி அழகாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். டைரக்டர் முதல் தூணை ஆரம்பித்தார். அந்தம்மா சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, மூன்றாவது தூண் வரும்போது, தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டார். நாலாவது தூணும் ஐந்தாவது தூணும் இன்றுவரை எழும்பவில்லை.

தராசு அறையில் நாங்கள் ஐந்து பேர். பாய் புதுச் சட்டையில், மடிப்புக் கலையாமல், சுவரோரம். அந்தம்மா பீரோவைத் திறக்கச் சொல்லி, தன் கையாலேயே பத்துப் பொட்டலம் எடுத்தார். பையிலிருந்து தன்னுடைய படிக்கற்களை எடுத்தார். முதல் பொட்டலம். தட்டு தாழ்ந்தது. சின்னச் சின்னக் கல்லாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். அஞ்சு கிராமுக்கு மேல் இருநூறு மில்லிகிராம் வைத்தபோது முள் நின்றது. நோட்டில் எழுதினார். இரண்டாவது பொட்டலம். இருநூறு. மூன்றாவது. இருநூற்றுச் சொச்சம். டெல்லி அதிகாரியின் மூக்கிலிருந்து வேர்வை சொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பத்தாவது பொட்டலம் முடிந்ததும் அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

டைரக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். துரதிர்ஷ்டவசமாக, பயிற்சியற்ற, தற்காலிக. பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டைரக்டரின் கை தன் பக்கம் நீண்டது தெரியாமல் இருக்குமா? அவர் டைரக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. அடுத்து இவன் என்ன மொழிபெயர்க்கப்போகிறான் என்று காத்திருப்பவர் மாதிரி பார்த்தார்.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "மேடம், ஐ ஒன்லி."

எல்லோரும் திரும்பினார்கள். அதற்குமேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. இருந்தாலும் கிடைத்ததையெல்லாம் அள்ளி வீசினேன். "ஹி ஆஸ்க். ஐ டெல். புட், புட், மோர் புட். ஹி நோ மிஸ்டேக். மை மிஸ்டேக். மிசின் ஒன்லி ஏர், ஐ டெல்." டைரக்டர் தெலுங்குக்கே போய்விட்டார்.

அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். ஏன் கூடுதலாகப் போடச் சொன்னாய்?

"கெஸ்ட் மேடம். கஸ்டமர். ஈக்குவல் நாட் குட். லிட்டில் எக்ஸ்ட்ரா, ரெஸ்பெக்ட்."

அவர் பாயைப் பார்த்தார். ஒரு வெறும் பொட்டலத் தாளை நீட்டி, இப்போது ஒன்று போட்டுக்காட்டச் சொன்னார், கூடுதல் இல்லாமல். நான் சொன்னேன். பாய் முன்னால் வந்தார். முள் நடுவில் நின்றது. கை தானாகக் குவியல் பக்கம் போனது. அதைப் பிடித்து இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தம்மா சரிபார்த்தார். அஞ்சு கிராம். பிறகு, முன்பு போட்டது மாதிரி ஒன்று போடச் சொன்னார். பாய் ஒரே கிள்ளு. எடை போட்டால், இருநூறு மில்லிகிராம். இன்னொன்று. அதுவும் இருநூறு.

"என்ன தம்பி, எதுக்கு மறுபடி மறுபடி போடச் சொல்லுதாவ? நம்பலயா?"

"நம்புதாக பாய். அதான் பிரச்சினை போல."

அந்தம்மா எழுதிக்கொண்டே டெல்லி அதிகாரியிடம் மெதுவாகப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை டைரக்டர் பின்னால் சொன்னார். எடை கூடினது எல்லாப் பொட்டலத்திலும் ஒரே அளவு என்பதால் பழைய எண்களை ஒரே கணக்கில் திருத்திவிடலாமாம். அதில் அவருக்குக் கவலை இல்லை. அவருக்குக் கவலை மூன்றாவது நாட்டைப் பற்றி. அவர்களுக்கு நாங்கள் அனுப்பிய பெட்டி, அவர்கள் தங்கள் முடிவை அனுப்பிய தேதியில், சுங்கத்தில் பிரிக்காமல் கிடந்ததாம். எங்கள் எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் தங்கள் எண்ணை எழுதியிருக்கிறார்கள். அவர் கிளம்பி வந்ததே இந்தச் சந்தேகத்தில்தான். எடை போட்டது நிஜமாகவே வழக்கமான நடைமுறை.

பதினோரு நாள்! நான் ஒருவனே உலகத்தை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைவிட நிதானமாக, வேர்க்காமல், வேட்டி நழுவாமல், ஒரு முழுக் கூடமே அதைச் செய்திருக்கிறது.

ஆனால் பாயின் விஷயம் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. ஐந்து மணிக்குக் கமிட்டி. டைரக்டர் ஃபைலை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார். நான் போய் நின்றேன்.

"என் தப்புன்னு சொல்லிட்டேனே சார்."

"நீ சொன்னே. உனக்கு மெமோ வரும். ஆனா இந்த நிலைமையில அவர் ஃபைலை எப்படிப்பா கொண்டுபோறது? மில்காரங்க கேக்க மாட்டாங்களா?"

அதே நேரம் டெல்லி அதிகாரி உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார், ஆள் பாதியாகிவிட்டார். அவர் கவலை வேறு. வெற்றிக் கதை போய்விட்டது. ஒத்துழைப்பும் போய்விட்டால் மேலே என்ன பதில் சொல்வது? நல்லவேளையாக அந்தம்மா இரண்டாவது சுற்றுக்குச் சம்மதித்திருக்கிறார். ஒரு நிபந்தனை: எல்லாப் பொட்டலத்தையும் அதே மனிதர்தான் எடை போட வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறார். எடை போடுகிறவரின் பெயரும் பதவியும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

"அவர் பதவி என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தினக்கூலி."

"இரு நாட்டு ஒப்பந்தத்தில் தினக்கூலி என்று எப்படி எழுதுவது? உத்தியில் பணியாளர் தொடர்ச்சி என்று ஒரு பிரிவே இருக்கிறது. வாசிக்கவில்லையா?"

எங்கள் டைரக்டரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். டைரக்டர் கண்ணாடிக் கல்லைத் தூக்கி, பக்கத்தைப் புரட்டி, அந்தப் பிரிவில் விரலை வைத்து, "வாசிச்சிருக்கேன் சார்" என்றார். பிறகு ஒதுக்கி வைத்த ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போனார்.

பாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தாளு இங்கிலீசுல என்னயத்தானே சொன்னாரு?" என்றார்.

"ஆமா பாய்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"மூணு நாளாத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். "கடேசில சொன்னீகல்ல. ஆனா மூணு நாள் ஜாஸ்தி தம்பி."



கமிட்டி அரை மணி நேரம் நடந்தது. பாயை உள்ளே கூப்பிடவில்லை. ஆர்டர் மே மாதக் கடைசியில் கைக்கு வந்தது; ஐம்பது முடிய இரண்டு வாரம் இருந்தது. இரண்டாவது சுற்றில் எங்கள் பஞ்சு நடுத்தரம் என்று வந்தது. தேசிய உத்தியின் அடுத்த பதிப்பில் நாங்கள் இல்லை. மூன்றாவது நாடு பதில் போடவே இல்லை. எனக்கு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பாய் அதற்குப் பிறகும் பல வருஷம் அதே அறையில் எடை போட்டு, அறுபதில் ஓய்வு பெற்றார்.